இவர் இல்லாவிட்டால் முடியாது! கம்பம் பள்ளத்தாக்கு சொல்லும் பாடம்

ஜனவரி 15-ந் தேதி. தை மாதப் பிறப்பு. தமிழ்நாடு முழுவதும் பொங்கல் பானை பொங்கும் நேரம்.

தேனி மாவட்டத்தில் பாலார்பட்டி என்று ஒரு கிராமம். அந்த ஊர் மக்களும் பொங்கல் வைக்கிறார்கள். ஆனால் சூரியனுக்கு மட்டும் அல்ல. ஒரு வெள்ளைக்காரருக்கும் சேர்த்து! அவருடைய படத்துக்கு மாலை போடுகிறார்கள். அவர் பெயரைச் சொல்லி வணங்குகிறார்கள்.

கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று எந்த ஊருக்குப் போனாலும் அவர் படத்தைப் பார்க்கலாம். டீக்கடையில் இருக்கிறது. வீட்டுச் சுவரில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெற்ற பிள்ளைக்கு அவர் பெயரை வைத்தவர்களும் உண்டு. தேனி பஸ் நிலையத்துக்கும் அவர் பெயர்தான்.

யார் அவர்?

கர்னல் ஜான் பென்னி குயிக். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய என்ஜினீயர். 1841-ம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதி பூனாவில் பிறந்தார். 1911-ம் ஆண்டு மார்ச் 9-ந் தேதி இங்கிலாந்தில் காலமானார்.

ஆள் மறைந்து 100 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அவருடைய மொழி இந்த மக்களுக்குத் தெரியாது. அவருடைய மதம் வேறு, நாடு வேறு. இந்தியாவை ஆண்ட அன்னிய சர்க்காரின் அதிகாரி அவர். அந்த ஆட்சியும் போய்விட்டது. எத்தனையோ வெள்ளைக்காரர்களின் சிலைகள் தெருவிலிருந்து எடுக்கப்பட்டன. இவருக்கு மட்டும் புதிதாகச் சிலை வைக்கிறார்கள்!

எப்படி?

"இவர் இல்லாவிட்டால் நம் வாழ்வு இல்லை" என்று ஒருவரைப் பற்றிப் பிறர் சொல்ல வேண்டுமானால், அவர் என்ன செய்திருக்க வேண்டும்? வேலை செய்யும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. அதற்கு விடை கம்பம் பள்ளத்தாக்கில் ஓடும் தண்ணீரில் இருக்கிறது.

நூறு வருடக் கனவு

மேற்கு மலையில் பிறக்கிறது பெரியாறு. அது மேற்கு நோக்கி ஓடி அரபிக் கடலில் கலக்கும் ஆறு. மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டும். ஆறு நிரம்பி ஓடும். கடலுக்குப் போய்ச் சேரும்.

மலைக்கு இந்தப் பக்கம்? வறண்ட பூமி. வைகையில் சில மாதம் தண்ணீர். பல மாதம் மணல். மதுரைச் சீமையும் ராமநாதபுரம் சீமையும் வானத்தைப் பார்த்து வாழ்ந்தன.

"அந்தத் தண்ணீரை இந்தப் பக்கம் திருப்பினால் என்ன?"

இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் பென்னி குயிக் அல்ல. ராமநாதபுரம் சமஸ்தானத்தின் பிரதானியாக இருந்த முத்து இருளப்ப பிள்ளை கேட்டார். 1789-ல் அவர் விவரம் தெரிந்த 12 பேரை மலைக்கு அனுப்பி இடத்தைப் பார்த்து வரச் செய்தார். "முடியும்" என்று அவர்கள் வந்து சொன்னார்கள். ஆனால் பணம் இல்லை. எண்ணம் எண்ணமாகவே நின்றது.

பிறகு ஆங்கிலேயர் ஆட்சி வந்தது. 1808-ல் ஜேம்ஸ் கால்டுவெல் என்ற அதிகாரி வந்து பார்த்தார். "இது வெறும் பகற்கனவு, இதைப் பற்றி நினைக்கவே வேண்டாம்" என்ற கருத்தில் அறிக்கை கொடுத்தார். கதவு மூடப்பட்டது.

1860-களில் மேஜர் ரைவ்ஸ் என்பவர் மறுபடியும் அந்தக் கதவைத் தட்டினார். ஒரு திட்டம் போட்டுக் கொடுத்தார. அவருக்குப் பின் ஸ்மித் என்பவர் இன்னொரு திட்டம் போட்டார். திட்டங்கள் எல்லாம் காகிதத்தில் இருந்தன. தண்ணீர் கடலுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

அப்போது வந்தது பெரும் பஞ்சம். 1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிய பஞ்சம். லட்சக் கணக்கான மக்கள் மாண்டார்கள். "தாது வருஷப் பஞ்சம்" என்று தாத்தா பாட்டிகள் கதை சொன்னது இதைத்தான். இனிமேல் சும்மா இருக்க முடியாது என்ற நிலை சர்க்காருக்கு ஏற்பட்டது.

1882-ல் அந்தப் பழைய காகிதக் கட்டு ஒருவர் கைக்கு வந்தது. "இதைத் திருத்தி ஒரு நல்ல திட்டமாகக் கொடு" என்று உத்தரவு.

அந்த ஒருவர்தான் பென்னி குயிக். அப்போது அவருக்கு வயது 41.

அப்பனும் அண்ணனும் போன பிள்ளை

அவர் வாழ்க்கை பூப்பாதையாகத் தொடங்கவில்லை.

அவருடைய தந்தையும் ராணுவ அதிகாரி. 1849 ஜனவரி 13-ந் தேதி பஞ்சாபில் சிலியன்வாலா என்ற இடத்தில் கடும் போர் நடந்தது. அந்த ஒரே போரில் தந்தையும் மாண்டார். மூத்த அண்ணனும் மாண்டார். பையனுக்கு எட்டாவது பிறந்த நாள் வர இன்னும் 2 நாள் இருந்தது!

இங்கிலாந்தில் படித்தார். ராணுவ என்ஜினீயர் ஆனார். 1860-ல் சென்னை மாகாணத்தில் வேலைக்கு வந்து சேர்ந்தார். பெரியாற்றுத் திட்டம் கைக்கு வரும்போது அவருக்கு 20 ஆண்டுகளுக்கு மேல் அனுபவம்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு.

புது அதிகாரிகள் சிலர் செய்வது என்ன? முன்னால் இருந்தவர் செய்ததை எல்லாம் தூக்கி எறிவார்கள். "எல்லாம் தப்பு, நான் புதிதாகச் செய்கிறேன்" என்பார்கள். பென்னி குயிக் அப்படிச் செய்யவில்லை. ரைவ்ஸ் போட்ட திட்டத்தையும் ஸ்மித் போட்ட திட்டத்தையும் எடுத்துப் படித்தார். நல்லதை வைத்துக்கொண்டார். மாற்ற வேண்டியதை மாற்றினார்.

அவர்கள் மண் அணை கட்டலாம் என்று நினைத்தார்கள். இவர் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்ட வேண்டும் என்று முடிவு செய்தார். தண்ணீரின் வேகத்தைத் தன் சொந்த எடையாலேயே தாங்கி நிற்கும் அணை அது.

முன்னோர் விட்ட இடத்தில் தொடங்குகிறவன் ஒரு படி மேலே நிற்கிறான். முன்னோரை மறந்து தொடங்குகிறவன் தரையில் நிற்கிறான்!

மலைக்கு ஒரு துவாரம்

திட்டம் என்ன?

மலைக்கு அந்தப் பக்கம், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,900 அடி உயரத்தில், பெரியாற்றின் குறுக்கே ஓர் அணை. தண்ணீர் தேங்கி ஏரி ஆகும். ஏரித் தண்ணீர் தேக்கடி வரை வந்து நிற்கும். அங்கிருந்து மலையைக் குடைந்து ஒரு சுரங்கம். சுரங்கத்தின் நீளம் ஒரு மைலுக்கும் அதிகம். தண்ணீர் அதன் வழியாக இந்தப் பக்கம் வந்து விழும். வைரவனாற்றில் சேரும். பிறகு சுருளியாறு. பிறகு வைகை.

மேற்கே ஓடிய ஆற்றைக் கிழக்கே திருப்புவது என்பது இதுதான். சொல்வது எளிது!

இடம் திருவாங்கூர் சமஸ்தானத்துக்குச் சொந்தம். ஆகவே மகாராஜாவின் சம்மதம் வேண்டும். பல ஆண்டு பேச்சு நடந்தது. 1886 அக்டோபர் 29-ந் தேதி ஒப்பந்தம் கையெழுத்து ஆயிற்று. 8,000 ஏக்கர் நிலம்; ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் குத்தகை; 999 ஆண்டுகளுக்கு!

1887-ல் வேலை தொடங்கியது.

யானை, காய்ச்சல், வெள்ளம்

அது ரோடு இல்லாத காடு. யானை நடமாடும் இடம். கல்லை அங்கேயே உடைத்துக்கொள்ளலாம். மற்றதை எல்லாம் கீழே இருந்து கொண்டுபோக வேண்டும்.

மாட்டு வண்டியில் கொண்டுபோனார்கள். மலைச் சரிவில் கம்பிக் கயிறு கட்டி, அதில் தொங்கவிட்டு மேலே இழுத்தார்கள். ஆற்றில் படகு விட்டார்கள்.

இந்தியாவில் சிமெண்டு ஆலையே இல்லாத காலம் அது. சுண்ணாம்பு; செங்கல்லைச் சுட்டு அரைத்த சுர்க்கித் தூள்; மணல். இந்த மூன்றையும் கலந்த கலவைதான் அந்த அணையின் உயிர்.

சென்னை ராணுவத்தின் பயனீர் படை ஆட்கள் வந்தார்கள். கொச்சியிலிருந்து தச்சர்கள் வந்தார்கள். மலையடிவாரத்து ஊர்களிலிருந்து கூலி ஆட்கள் வந்தார்கள்.

கூடவே காய்ச்சலும் வந்தது. மலேரியா. பிறகு காலரா. நேற்று கூடையைத் தூக்கியவன் இன்று பாயில். இன்று பாயில் கிடந்தவன் நாளை மண்ணில். ஊருக்குப் போனவர்களில் பலர் திரும்பி வரப் பயந்தார்கள்.

ஆறும் சும்மா இருக்கவில்லை. அணைக்கு அஸ்திவாரம் போட வேண்டுமானால் ஆற்றைத் தற்காலிகமாகத் தடுத்து நிறுத்த வேண்டும். அதற்கு ஒரு கரை கட்டினார்கள். வெள்ளம் வந்தது, கரை போயிற்று. மறுபடி கட்டினார்கள். மறுபடி வெள்ளம், மறுபடி போயிற்று.

பகற்கனவு என்று அன்று ஒருவர் எழுதியது சரிதானோ என்று நினைக்கத் தோன்றும் நேரம்!

ஆனால் வேலை நிற்கவில்லை. கரை போனால் அதே இடத்தில் இன்னொரு கரை. ஒரு முறை போனது ஏன் என்று பார்த்து, அடுத்த முறை அதைத் திருத்திக் கட்டினார்கள். ஆண்டுகள் 8 ஓடின.

1895 அக்டோபர் மாதம் சென்னை கவர்னர் வென்லாக் பிரபு வந்தார். திட்டம் திறந்துவைக்கப்பட்டது. பெரியாற்றுத் தண்ணீர் மலையைத் துளைத்துக்கொண்டு கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கியது.

அணையின் நீளம் 1,200 அடி. அஸ்திவாரத்திலிருந்து உயரம் 176 அடி.

பெயர் இல்லாத 483 பேர்

இந்தக் கதையில் ஒரு பக்கம் அடிக்கடி விட்டுப்போகிறது.

அணை வேலையில் நோயால் இறந்தவர்கள் என்று கணக்கில் வந்தவர்கள் மட்டும் 483 பேர். அணைக்கு வடக்கே ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வேலை செய்த இடத்திலேயே பலர் புதைக்கப்பட்டார்கள்.

அவர்கள் படம் எந்த டீக்கடையிலும் இல்லை. அவர்கள் பிறந்த நாளுக்கு யாரும் பொங்கல் வைப்பதில்லை. ஆனால் அவர்கள் தூக்கிய கல்லும் கலவையும் இல்லாவிட்டால் அணை ஏது? பென்னி குயிக் எவ்வளவு பெரிய என்ஜினீயராக இருந்தாலும் ஒரு தனி ஆள் 1,200 அடி அணையைத் தூக்கி நிறுத்த முடியுமா?

என்ஜினீயர்களிலும் அவர் தனியாள் அல்ல. மெக்கன்சி என்ற என்ஜினீயர் அந்த வேலையில் இருந்தார். எந்தக் கஷ்டம் வந்தது, எப்படிச் சமாளித்தார்கள் என்பதை எல்லாம் ஒரு வரலாறாக எழுதி 1899-ல் வெளியிட்டார். அவர் எழுதிவைத்ததால்தான் இன்று பல விவரம் தெரிகிறது.

"நான் இல்லாவிட்டால் நடக்காது" என்று சொல்கிற ஒவ்வொருவரும் இந்தக் கல்லறைகளை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒருவரைப் பெரியவராக்குவதற்குப் பின்னால் பெயர் தெரியாத ஆயிரம் கைகள் இருக்கின்றன.

கதையும் கணக்கும்

பென்னி குயிக்கைப் பற்றி இந்தப் பக்கத்தில் ஒரு கதை சொல்வார்கள்.

"பாதி வேலையில் சர்க்கார் கையை விரித்துவிட்டது. துரை இங்கிலாந்துக்குப் போனார். சொத்தை எல்லாம் விற்றார். மனைவியின் நகையையும் விற்றார். அந்தப் பணத்தில் அணையைக் கட்டி முடித்தார்" என்பது கதை.

சர்க்கார் கணக்கைப் பார்த்தால், அணை சர்க்கார் பணத்தில் கட்டிய அணைதான். அதாவது இந்த நாட்டு மக்கள் வரியாகக் கொடுத்த பணம்.

பிறகு அந்தக் கதை ஏன் பிறந்தது?

சம்பளத்துக்கு வேலை செய்தவரைப் பற்றி யாரும் இப்படிக் கதை கட்டுவதில்லை. எத்தனையோ அதிகாரிகள் வந்தார்கள், கோப்பில் கையெழுத்துப் போட்டார்கள், மாற்றலாகிப் போனார்கள். அவர்கள் பெயர் யாருக்குத் தெரியும்? இவர் 1882-ல் எடுத்த வேலையை 1895-ல் முடியும்வரை விடவில்லை. 13 ஆண்டுகள்! காய்ச்சல் பரவும் காட்டில், வெள்ளம் அடித்துப்போன கரையில், ஒரே காரியத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்த மக்கள், "இந்த ஆள் தன்னிடம் இருந்ததை எல்லாம் இதில் போட்டுவிட்டார்" என்று நினைத்தார்கள். அந்த நினைப்புத்தான் நகை விற்ற கதையாக வளர்ந்தது.

அவர் போட்டது நகை அல்ல. வயதில் 13 ஆண்டு. நகையை மீட்கலாம், வயதை மீட்க முடியுமா?

ஆள் போனார், தண்ணீர் நிற்கவில்லை

இனிதான் முக்கியமான விஷயம்.

அணை திறந்த மறு ஆண்டே, 1896-ல், பென்னி குயிக் இங்கிலாந்துக்குப் போய்விட்டார். அங்கே கூப்பர்ஸ் ஹில் என்ற இடத்தில் இருந்த என்ஜினீயரிங் கல்லூரிக்குத் தலைவரானார். இந்தியாவுக்கு வேலைக்கு வரும் என்ஜினீயர்களைப் பயிற்றுவித்த கல்லூரி அது. பெரியாற்றைத் திருப்பிய விதத்தை 1897-ல் ஒரு கட்டுரையாக எழுதி, என்ஜினீயர்கள் சங்கத்தின் முன் வைத்தார். தனக்குத் தெரிந்த வித்தையை மூடிவைக்கவில்லை. எவர் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளட்டும் என்று திறந்து வைத்தார்.

அவர் போன பிறகு அணை நின்றதா? நின்றது! அதாவது, விழாமல் நின்றது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

இங்கேதான் பலர் தப்பாக நினைக்கிறார்கள்.

"நான் ஒருநாள் வராவிட்டால் கடையே திறக்காது" என்று பெருமைப்படுகிற கணக்குப்பிள்ளைகள் உண்டு. சாவி அவர் மடியில். கணக்கு அவர் மனதில். வேறு யாருக்கும் சொல்லிக்கொடுக்க மாட்டார். முதலாளிக்கு அவரை விட்டால் வழி இல்லை. இதுவும் ஒருவகையில் "இவர் இல்லாவிட்டால் முடியாது" என்பதுதான். ஆனால் அது மதிப்பு அல்ல, பயம். வேறொரு வழி கிடைத்த அன்றே அவரை அனுப்பிவிடுவார்கள். யாரும் வருத்தப்பட மாட்டார்கள்.

உண்மையில் இன்றியமையாதவர் யார்? தான் இல்லாத போதும் தன் வேலை ஓடும்படி செய்துவைப்பவர். அவர் இருக்கும்போது காரியம் நடக்கிறது. அவர் போன பிறகும் நடக்கிறது. நடக்கும் ஒவ்வொரு நாளும் அவர் பெயர் நினைவுக்கு வருகிறது.

தெலுங்கு நாட்டிலும் இதே கதை உண்டு. கோதாவரி ஆற்றில் தவளேசுவரம் என்ற இடத்தில் ஆர்தர் காட்டன் அணை கட்டினார். 1852-ல் அது முடிந்தது. பஞ்சத்தில் கிடந்த கோதாவரிச் சீமை பசுமை ஆயிற்று. இன்றும் ஆந்திர விவசாயிகள் காட்டனுக்குச் சிலை வைத்து மாலை போடுகிறார்கள். பட்டம் பெற்றவர்களை மக்கள் மறந்துவிடுவார்கள். வயிற்றுக்குச் சோறு கிடைக்க வழி செய்தவரை மறப்பதில்லை.

அணையைக் காத்த கைகள்

கட்டியதோடு வேலை முடிந்ததா? இல்லை.

1950-களின் கடைசியில், மலையிலிருந்து விழும் அதே தண்ணீரைக் கொண்டு லோயர் கேம்ப்பில் மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். வயலுக்குப் போகும் வழியில் தண்ணீர் விளக்கையும் ஏற்றிவிட்டுப் போகிறது! 1959-ல் ஆண்டிபட்டி பக்கம் வைகை அணை திறக்கப்பட்டது. பெரியாற்றுத் தண்ணீரைச் சேர்த்துவைத்து மதுரைப் பக்கம் அனுப்ப அது உதவியது.

1979-க்குப் பிறகு பெரியாறு அணையைப் பலப்படுத்தும் வேலை நடந்தது. அணையின் தலையில் கான்கிரீட் தொப்பி போட்டார்கள். மேலிருந்து அடிப்பாறை வரை இரும்புக் கம்பி வடங்களை இறக்கி இறுக்கினார்கள். பின்புறம் கான்கிரீட் சுவர் கொடுத்தார்கள்.

அணை இருப்பது இன்றைய கேரளத்தில். அதை நிர்வகிப்பது தமிழ்நாடு. அணையின் பலத்தைப் பற்றியும், எவ்வளவு தண்ணீர் தேக்கலாம் என்பது பற்றியும் இரு மாநிலங்களுக்கும் இடையே நெடுநாள் வழக்கு நடந்தது. 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்பு அளித்தது.

ஆக, அணை நிற்பது ஒரு மனிதரின் பெருமையால் மட்டும் அல்ல. அதைக் கட்டியவருக்குப் பின்னால், அதைப் பார்த்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். கட்டுகிறவர் ஒருவர் என்றால், காப்பவர் பலர். இருவருமே இன்றியமையாதவர்கள்தான்.

அணை கட்டாதவர்களும் உண்டு

"அணை கட்டினால்தான் மதிப்பா? நாங்கள் எல்லாம் சாதாரண ஆட்கள்" என்று சிலர் கேட்கலாம்.

கம்பம் பள்ளத்தாக்கையே சுற்றிப் பாருங்கள். விடை கிடைக்கும்.

அங்கே திராட்சைப் பந்தல்கள் ஏராளம். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தத் திராட்சை நன்றாகக் காய்ப்பது எதனால்? உரமும் தண்ணீரும் மட்டும் போதாது. கவாத்து வேண்டும். அதாவது, கொடியை அளவோடு வெட்டிவிட வேண்டும். எந்தக் கொப்பை வெட்டுவது, எத்தனை கணு விடுவது என்பது கண்ணும் கையும் அறிந்த வித்தை. தப்பாக வெட்டினால் அந்தப் பருவமே போயிற்று! கவாத்து நன்றாகத் தெரிந்தவரைத் தோட்டக்காரர்கள் தேடிப் போய் அழைப்பார்கள். அவரிடம் பட்டம் இல்லை. கையில் ஒரு கத்தரி மட்டும்தான்.

விடியற்காலையில் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஜீப்புகள் மலை ஏறுகின்றன. ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்கள் அதில் இருக்கிறார்கள். ஏலக்காய் ஒரே நாளில் பழுப்பது இல்லை. ஒரு சரத்தில் விளைந்த காயும் இருக்கும், பிஞ்சும் இருக்கும். விளைந்ததை மட்டும் எடுக்க வேண்டும். பிஞ்சைத் தொடக்கூடாது. அவசரக்காரர் எல்லாவற்றையும் பிடுங்குவார். கைதேர்ந்த பெண் விளைந்ததை மட்டும் எடுத்து, பிஞ்சை அடுத்த முறைக்கு விட்டு வருவார். அடுத்த பறிப்பைக் காப்பாற்றுவது அந்தப் பொறுமைதான்.

வயல் பக்கம் வாருங்கள். கம்பம் பள்ளத்தாக்கில் பெரியாற்றுத் தண்ணீரால் 14,707 ஏக்கரில் இருபோக நெல் சாகுபடி நடக்கிறது. அணையில் திறந்த தண்ணீர் தானாகவே ஒவ்வொரு வயலுக்கும் போய்விடுமா? மடையைத் திறக்க ஆள் வேண்டும். இரவு என்றும் மழை என்றும் பார்க்காமல், மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வரப்பில் நடக்க வேண்டும். மேல்மடைக்காரரும் தண்ணீர் கேட்பார், கடைமடைக்காரரும் கேட்பார். இருவருக்கும் நியாயமாகப் பாய்ச்ச வேண்டும். ஊரில் தண்ணீர்ச் சண்டை வராமல் இருப்பது அந்த மனிதரின் நேர்மையால்தான்.

பெரிய அணையின் கடைசிக் கண்ணி அந்த மண்வெட்டி! 176 அடி அணையும், ஒரு மைல் சுரங்கமும், அந்த மடையில் வந்துதான் பயன் அடைகின்றன.

வீட்டில் எப்படி?

வேலையில் உள்ள நியாயமே வீட்டிலும்.

பிள்ளை செய்ய வேண்டியதை எல்லாம் தானே செய்கிற தாய் உண்டு. "நான் இல்லாவிட்டால் இவனுக்குத் தண்ணீர் மோந்து குடிக்கத் தெரியாது" என்பார். அது பாசம்தான். ஆனால் நாளைக்கு அந்தப் பிள்ளை தவிக்கும். பிள்ளைக்கு உலை வைக்கவும், கிழிந்ததைத் தைக்கவும், வரவு செலவு எழுதவும் சொல்லிக்கொடுக்கிற தாயும் உண்டு. அவர் இல்லாத வீட்டிலும் அடுப்பு எரியும். எரியும்போதெல்லாம், "இது அம்மா சொல்லிக்கொடுத்தது" என்று பிள்ளை சொல்லும்.

தொழிலிலும் அப்படித்தான். பட்டறையில் வேலை பழகும் பையனுக்கு நுணுக்கத்தை மறைக்கும் மேஸ்திரியின் பெயர் அவரோடு போகும். சொல்லிக்கொடுக்கும் மேஸ்திரியின் பெயர் அந்தப் பையனின் கையில் வாழும்.

பெரியாற்றுக் கதையில் கற்றுக்கொள்ள வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம்:

பலரும் முடியாது என்று ஒதுக்கிய வேலை கைக்கு வந்தால், ஓடாமல் அதை ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

முன்னால் செய்தவர்களின் வேலையைப் படியுங்கள்.

கரை உடைந்தால், உடைந்தது ஏன் என்று தெரிந்துகொண்டு மறுபடி கட்டுங்கள்.

கூட நின்றவர்களின் பங்கை மறக்காதீர்கள்.

தெரிந்ததை மறைக்காமல் அடுத்தவருக்குக் கொடுங்கள்.

சிலை வந்தது பின்னால்

2013 ஜனவரி 15-ந் தேதி லோயர் கேம்ப்பில் பென்னி குயிக்குக்குத் தமிழக அரசு கட்டிய மணிமண்டபம் திறக்கப்பட்டது. 2022-ல் இங்கிலாந்தில் அவர் வாழ்ந்த கேம்பர்லி நகரிலும் தமிழக அரசு அவருக்குச் சிலை வைத்தது.

அணை திறந்து நூறாண்டு கழித்து வந்த மரியாதைகள் இவை. இவற்றை அவர் பார்க்கவில்லை. இப்படி எல்லாம் நடக்கும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். வேலையை முடித்தார், கப்பல் ஏறினார்.

ஆண்டுதோறும் ஜூன் மாத வாக்கில் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறப்பார்கள். மதகு உயரும். மலையைத் துளைத்த துவாரத்தின் வழியே தண்ணீர் இறங்கும். வாய்க்கால் நிறையும். விவசாயிகள் மலர் தூவி வணங்குவார்கள். நாற்றங்காலில் விதை விழும்.

மதகைத் திறக்கும் ஊழியர் வேறு. மடையைத் திருப்பும் கை வேறு. நாற்று நடும் பெண்கள் வேறு. ஒவ்வோர் ஆண்டும் ஆட்கள் மாறலாம். ஆனால் தண்ணீர் வந்து சேர வேண்டிய வயலுக்கு வந்து சேர்ந்துகொண்டே இருக்கிறது.